கயிறும் கைப்பேசியும்

(காவிரிப் படுகையில், ஊராட்சிப் பணியாளர்கள், மகளிர் குழுவினர், ஆசிரியர்கள், இளைஞர்கள் ஆகியோர் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இளைஞர்களும் அன்றாடக் கைத்திறன்களும் என்னும் பொருள்பற்றிச் சில கருத்துக்களைக் கூறுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன் முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்களின் முகம் மலர்வதையும், பின்வரிசையில் இருக்கும் இளைஞர்களின் முகம் வாடுவதையும் காண்கிறோம். இன்றைக்கு நமக்கு அர்ச்சனைதான் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும்! அவ்வெண்ணத்தை முதலிலேயே போக்கிவிட விரும்புகிறோம். இளைஞர்களைக் குறை கூறுவதற்காக நாம் இங்கு வரவில்லை.

இன்று எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும், பெரியவர்களின் காரியங்கள் பலவும் இளைஞர்களின் கைகளாலேயே நடைபெறுகின்றன. பட்டா நகல் வேண்டுமா, மின்கட்டணம் செலுத்த வேண்டுமா, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய வேண்டுமா, குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டுமா, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு" என்று கைப்பேசியை நீட்டுகிறோம். அவர்களும் முகம் சுளிக்காமல் செய்து கொடுக்கின்றனர். முன்பு இவற்றுக்காக நாம் எத்தனை அலுவலகப் படிகள் ஏறி இறங்கினோம், எத்தனை நாட் கூலியை இழந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று கூறுவது நன்றியற்ற பேச்சாகும்.

மேலும், பழைய திறன்கள் யாவும் போற்றுதற்குரியன என்று நாம் கருதவில்லை. விடியுமுன் ஏற்றம் மிதித்தவர்களின் கால்வலியை அவர்களே அறிவர். விறகடுப்பின் புகையில் கண் கெட்ட தாய்மார்கள் இக்கூட்டத்திலும் இருக்கின்றனர். அம்மியும் உரலும் கூடத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து பேருக்கு நாள்தோறும் அரைத்தவர்களிடம் கேட்டால் அவற்றின் பெருமையை வேறு விதமாகக் கூறுவார்கள். மின்சாரமும் எரிவாயுவும் நமது பெண்மக்களுக்கு அளித்த விடுதலையை நாம் ஒருபோதும் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

ஆனால், அந்தச் சுமைகளைக் கீழே இறக்கி வைத்தபோது, அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்த சில அறிவுகளையும் சேர்த்து இறக்கிவிட்டோம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நின்று நிதானித்துப் பார்க்க நமக்கு நேரமில்லை. இன்று அதற்கு ஓர் உரைகல் வேண்டும். மின்சாரமும் கோபுரமும் நின்றுவிட்ட நேரத்தில் தேவைப்படுவது எது? தேவை ஏற்பட்ட பின் தேடிக் கற்க அவகாசம் இல்லாதது எது? தெரியாமற் போனால் உயிரோ, நிலமோ, குடிநீரோ நஷ்டமாவது எதனால்? இந்த வினாக்களுக்கு விடையாக நிற்கும் திறன்கள் மிகச் சிலவே. அவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். மற்றவை போகட்டும், அழ வேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்நாளைப்பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஓர் இரவில் வீழ்ந்தன. மின்வாரிய ஊழியர்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து இரவு பகலாக உழைத்தனர். எனினும், உள்ளடங்கிய சிற்றூர்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று.

அந்த நாட்களில் முதலில் வந்த பஞ்சம் உணவுப் பஞ்சமன்று, தண்ணீர்ப் பஞ்சம். சுற்றிலும் நீர், ஆனால் குடிக்க நீரில்லை. மேல்நிலைத் தொட்டி காலியாகி நின்றது; அதை நிரப்பும் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு அமர்த்தி ஊர் ஊராக எடுத்துச் சென்று தொட்டிகளை நிரப்பினார்கள். அது வந்து சேரும் வரையில் மக்கள் என்ன செய்வது? ஊரில் கிணறு இருந்தது. ஆனால் அதில் ராட்டினம் இல்லை, கயிறு இல்லை. பல ஊர்களில் கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டு மூடி, அதன்மேல் ஆண்டுக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தது. கயிறு கிடைத்த இடத்திலோ, குடத்தின் கழுத்தில் அதை எவ்வாறு கட்டுவது என்று அறிந்தவர் அறுபது வயதைக் கடந்தவராக இருந்தார்.

குடத்தில் கயிறு கட்டுவது ஒரு வித்தையா என்று சிலர் நகைக்கக்கூடும். கட்டிப் பார்த்தவர்கள் நகைக்கமாட்டார்கள். குடத்தின் கழுத்துக்கு இடவேண்டியது உருவாஞ்சுருக்கு. நீர் நிறைந்து பாரம் ஏற ஏறச் சுருக்கு இறுகும், குடம் நழுவாது. வெறும் முடிச்சாகப் போட்டால், குடம் காலியாக இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நிறைந்து ஏறும்போது பாதி வழியில் விடைபெற்றுக்கொள்ளும். அவ்வாறு விழுந்த குடங்களை எடுப்பதற்காகவே தெருவுக்கு ஒரு வீட்டில் பாதாளக்கரண்டி இருந்தது. அதை இரவல் கொடுப்பவர்கள் ஒரு பாத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். இன்று அக்கரண்டியைப் பழைய இரும்புக் கடையில்கூடக் காண்பது அரிது.

இனி, இதே உருவாஞ்சுருக்கை ஒரு கன்றின் கழுத்தில் இட்டால் என்ன ஆகும்? கன்று இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகி, அதன் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே கால்நடையின் கழுத்துக்கு இறுகாத கண்ணி வேண்டும். கிணற்றில் இறங்கும் மனிதனின் இடுப்புக்கும் அவ்வாறே. அந்தக் கண்ணியைப் போடும் முறை இது: நீளக் கயிற்றில் முதலில் ஒரு சிறு வளையம் அமைத்துக்கொள்ள வேண்டும், கயிற்றின் நுனி இடுப்பைச் சுற்றிவந்து, அவ்வளையத்தின் கீழிருந்து மேலே நுழைந்து, நீளக் கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மீண்டும் அதே வளையத்துக்குள் இறங்க வேண்டும். பிறகு இழுத்து இறுக்கினால், எவ்வளவு பாரம் ஏறினாலும் கண்ணி சுருங்காது. பாரம் நீங்கியபின் எளிதில் அவிழும். குடத்துக்கு இறுகும் முடிச்சு, உயிருள்ளதற்கு இறுகாத முடிச்சு என்னும் இந்த ஒரு வேறுபாட்டைப் பத்து வயதுக் குழந்தை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும். அறியாதவர் பதற்றத்தில் எதைப் போடுவார் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதாக ஒரு முடிச்சு உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் கால்நடைகளை அவிழ்த்துவிடுமாறு அதிகாரிகள் அறிவுறுத்துகிறார்கள். வெள்ளம் தொழுவத்தினுள் புகும் நேரத்தில், இருளில், நனைந்து இறுகிய முடிச்சை விரலால் அவிழ்க்க முயன்றவர்களுக்கு அதன் துன்பம் தெரியும். முளையில் கட்டும்போதே நுனியை முழுவதும் இழுத்துவிடாமல், ஒரு மடிப்பாக விட்டுக் கட்டினால், பின்னர் ஓர் இழுப்பில் அவிழ்ந்துவிடும். அனுபவமுள்ள உழவர்கள் இதை எண்ணாமலே செய்வார்கள். ஏன் அப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் "பழக்கம்" என்று மட்டும் கூறுவார்கள்.

இதைக் கேட்ட இளைஞர் ஒருவர், "இவையெல்லாம் கைப்பேசியிலேயே படமாகக் கிடைக்கின்றனவே" என்று கூறலாம். உண்மை. அழகான படங்கள் கிடைக்கின்றன. அவற்றில் தவறும் இல்லை. அவற்றைப் பார்த்துக் கற்றவர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் படம் காட்டுமேயன்றி, பார்ப்பவரின் கையைப் பாராது. நுனியை எதிர்ப்புறமாகச் சுற்றிவிட்டீர்கள் என்று அது சொல்லாது. படத்தில் உள்ள கயிறு ஒன்று. நம் கையில் உள்ளது வேறொன்று. தேங்காய் நார்க் கயிறு முரடானது. ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். இன்று கடைகளில் விற்கும் நைலான் கயிறோ வழுவழுப்பானது. நார்க் கயிற்றுக்குப் போதுமான முடிச்சு இதில் மெல்ல நழுவும். கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றி, நுனியையும் ஒரு சாண் நீளம் விட வேண்டும். பழைய முடிச்சைப் புதிய கயிற்றுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் இவ்வறிவு, அருகில் நின்று "இன்னும் ஒரு சுற்று" என்று சொல்பவரிடமிருந்து வருகிறது. நம் பெரியவர்கள் சிலர் நைலான் கயிற்றை வெறுத்து ஒதுக்குவதும் சரியன்று. அது மழையில் மக்காது, கிணற்றுக்கு ஏற்றது. கை தேய்ந்து புண்ணாகாதபடி பிடிக்குமிடத்தில் துணி சுற்றிக்கொண்டால் போதும்.

கிணற்றைப் பற்றிப் பேசும்போது கைப்பம்பையும் மறக்கலாகாது. 1970களில் நம் நாட்டில் உருவாக்கப்பட்ட இந்தியா மார்க்-2 என்னும் கைப்பம்பு எத்தனையோ சிற்றூர்களின் தாகத்தைத் தீர்த்தது. தெருக்குழாய் வந்தபின் அதைத் தொடுவாரில்லை. பிடியில் உள்ள சங்கிலிக்கு மசகு இடுவதும், தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குவதும் ஊரில் உள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டால் குழாய்களைத் தூக்கியே மாற்ற வேண்டும்; அதற்குத் தக்க கருவிகளும் பழகிய ஆட்களும் வேண்டும். ஆகவே, தேய்ந்ததைப் புயலுக்கு முன்பே அறிந்து சொல்பவர் ஒருவர் ஊரில் இருத்தல் அவசியம். நாலைந்து முறை அடித்தும் நீர் வரத் தாமதமானால் அதுவே அறிகுறி.

நீர் எடுத்தால் மட்டும் போதுமா? வெள்ளத்திற்குப் பின் கிணற்று நீரைத் தூய்மை செய்யாமல் குடிக்கலாகாது. சாதாரணமாக 1,000 லிட்டர் நீருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. வெள்ளம் புகுந்து கலங்கிய நீருக்கு இது போதாது. அங்கே சுகாதார ஆய்வாளர் சோதித்துக் கூறும் அளவையே கொள்ள வேண்டும். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கிணற்றில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது?" என்பதாகும். இங்கேதான் நம் பட்டதாரி இளைஞர்களும் திகைத்து நிற்கின்றனர். பெருக்குவதற்குக் கைப்பேசி இருக்கிறது. ஆனால் எதை எதனால் பெருக்குவது?

கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி அடிவரை இறக்குங்கள். மேலே எடுத்து நனைந்த பாகத்தை அளந்தால் நீரின் ஆழம் தெரிந்துவிடும். வாயின் குறுக்களவை மற்றொரு கயிற்றால் அளக்கலாம். குறுக்களவை அதே அளவால் பெருக்கி, ஆழத்தாலும் 3.14ஆலும் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். குறுக்களவு 2 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்றால் 9.42 கன மீட்டர். அதாவது 9,420 லிட்டர். மேற்சொன்ன கணக்கின்படி ஏறத்தாழ 24 கிராம் தூள் வேண்டும். அதை ஒரு வாளியில் சிறிது நீருடன் குழைத்து, மேலும் நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின், மேலே தெளிந்த நீரை மட்டும் மற்றொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி அசைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீரை எடுக்கலாம். பள்ளியில் உருளையின் கன அளவு என்று படித்து மதிப்பெண் பெற்ற கணக்குத்தான் இது. கிணறும் ஓர் உருளை என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

நீரிலிருந்து பிரியாத மற்றொரு திறன் நீச்சல். இதைப்பற்றிப் பேசும்போது நம் குரல் சற்றுக் கனத்துப்போவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறை வந்துவிட்டால், ஏரியில், தடுப்பணையில், ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில் பிள்ளைகள் மூழ்கினர் என்னும் செய்தி நாளேடுகளில் ஆண்டு தவறாமல் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிறுவனம் கூறும் வழிகளில் ஒன்று.

முன்பு இதற்கு ஒரு நிறுவனமும் தேவைப்படவில்லை. தந்தையோ, தாய்மாமனோ, அண்டை வீட்டு அண்ணனோ முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கினர். படியில் நின்றுகொண்டு பார்த்தனர். இன்று குடுக்கைக்குப் பதில் மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன் போதும். ஆனால் படியில் நிற்பவர் இல்லை. பாசனக் கிணறுகள் ஆழ்குழாய்க் கிணறுகளாக மாறின. எஞ்சியவற்றில் நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. நீர் பெருகிய ஆண்டில் திடீரென ஏரி நிரம்பும்போது, நீரைக் கண்டறியாத பிள்ளைகள் அதன் அருகே செல்கின்றனர். ஆகவே இது அவர்களுடைய குற்றமன்று.

பழங்காலத்தைப் புகழும்போது ஒன்றை மறைக்கலாகாது. அன்று எல்லாக் குழந்தைகளுக்கும் இது கிட்டிற்றா? பெண் குழந்தைகளில் நீந்த அறிந்தவர் சிலரே. ஊர்க் குளத்தில் இறங்க ஒரு சாராருக்கு உரிமையே இல்லாதிருந்தது; பொதுக் கிணற்றின் கயிற்றை அவர்கள் தொடவும் இயலாது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை. ஆகவே நாம் மீட்கவேண்டியது அன்றிருந்தபடியே அன்று. ஊரின் எல்லாப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே நீரில் இறங்கிக் கற்க வேண்டும். இதில் மனத்தாங்கல் கொள்பவர் எவரேனும் இருப்பின், அவரோடு தனியே பேசத் தயாராக இருக்கிறோம்.

நீந்தத் தெரிந்தவர் அறியவேண்டியது இன்னொன்று. மூழ்குபவரைக் கண்டவுடன் குதிக்கலாகாது. ஒருவரைக் காப்பாற்ற மற்றொருவர், அவரைக் காப்பாற்ற வேறொருவர் என்று ஒரே வீட்டில் மூவரை இழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். முதலில் உரக்கக் கூவ வேண்டும். கரையில் படுத்துக்கொண்டு மூங்கிலையோ சேலையையோ நீட்ட வேண்டும். எட்டவில்லையெனில் கயிற்றை வீச வேண்டும். மூடிய வெற்றுக் கேனைக் கயிற்றில் கட்டி வீசினால் இன்னும் நன்று. இங்கே மீண்டும் கயிறும் முடிச்சும் வந்துவிட்டன! பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றின் சரிவு வழுக்கும். நன்றாக நீந்துபவரும் கரையேற முடியாது. முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றை நாற்புறமும் கரையில் முளையடித்துத் தொங்கவிட்டால், அதைப் பிடித்து ஏறிவிடலாம். குட்டை வெட்டுவதற்குச் செலவாகும் பணத்தில் இக்கயிற்றின் விலை ஒரு பொருட்டே அன்று. நாம் கண்ட குட்டைகள் பலவற்றில் அது இல்லை.

உயிரைப்பற்றிப் பேசினோம்; நிலத்தைப்பற்றிச் சிறிது கூறுவோம். இணையத்தில் பட்டாவை எடுத்துக் கொடுக்கும் இளைஞரிடம், "தம்பி, இதில் எத்தனை சென்ட் இருக்கிறது?" என்று கேளுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். பழைய பத்திரத்தில் சென்ட் என்று இருக்கும். தாத்தாவோ "நமக்கு ஒரு மா" என்பார். மூன்றும் ஒரே நிலம் என்று அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது. தஞ்சைப் பகுதியில் 12 அடிக் கோலால் ஒரு கோலுக்கு ஒரு கோல், 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. அது 14,400 சதுர அடி, 435.6 சதுர அடி கொண்ட சென்ட் கணக்கில் 33 சென்டுக்குச் சற்று மேல். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏரைச் சென்டாக்க 2.47ஆல் பெருக்க வேண்டும். பட்டாவில் 13.50 ஏர் என்று இருந்தால் 33 சென்டுக்குச் சற்று மேல். அதாவது தாத்தா கூறிய ஒரு மா.

இது தெரியாத வீட்டுக்குள்தான் நிலத்தரகர் முதலில் நுழைகிறார். "முப்பது சென்ட் என்று வைத்துக்கொள்வோம்" என்பார். விடுபட்ட மூன்று சென்ட் 1,300 சதுர அடிக்கு மேல். ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ளும் இடம். கைப்பேசி இருந்தும், பட்டா இருந்தும், படித்த பிள்ளை இருந்தும் அவ்விடம் கைவிட்டுப் போகிறது. தம் நிலத்தின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தந்தையோடு ஒருமுறையேனும் வரப்பில் நடந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? புலப்படத்தையும் இன்று இணையத்தில் எடுக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பெரியவர் கல்லைக் காட்ட, இளைஞர் படத்தில் அதைக் கண்டுபிடிக்கட்டும். அந்த ஒரு மாலைப்பொழுதில் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிடுவார்கள்.

இத்திறன்கள் ஏன் அற்றுப்போயின? முன்பு இவற்றை யாரும் "கற்பித்ததில்லை" என்பதே நம் கருத்து. பெரியவர் வேலை செய்யும்போது பிள்ளை அருகில் நின்றது. கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டது. தவறாகப் பிடித்தால் ஒரு வசவு வாங்கிக்கொண்டது. பாடம் அவ்வளவே. இன்று பிள்ளை காலையில் பள்ளிக்கும் மாலையில் தனிப்பயிற்சிக்கும் செல்கிறது. வீட்டில் இருக்கும் நேரத்தில் கைப்பேசி இருக்கிறது. "பிள்ளைகள் எப்போதும் அதிலேயே கிடக்கிறார்கள்" என்று புலம்பும் பெற்றோர் பலர், அப்புலம்பலையும் கைப்பேசியில்தான் அனுப்புகின்றனர்! அருகில் நிற்கப் பிள்ளைக்கு நேரமில்லை. அருகில் நிறுத்திக்கொள்ளப் பெரியவருக்குப் பொறுமையில்லை. "உனக்கு இதெல்லாம் வேண்டாம், நீ போய்ப் படி" என்று அன்போடு விரட்டியவர்கள் நாமே அன்றோ?

கையால் செய்து கற்பதே கல்வியின் அடிப்படை என்று காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். அத்திட்டம் பள்ளிகளில் நிலைக்கவில்லை. அதன் காரணங்களை ஆராய இது இடமன்று. ஆனால் ஒன்று சொல்லலாம். தக்ளியும் நூலும் எப்போதோ அளிக்கும் பயனைவிட, இன்றே பயன்படும் ஒன்றைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் விரும்பிக் கற்கின்றனர். முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடுவதில்லை.

ஆகவே, இவ்வட்டாரத்தில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் கூறி அமர்கிறோம். 2022ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறுமுறை கூட வேண்டும் என்று ஏற்பட்டிருக்கிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தீர்மானங்கள் நிறைவேறியபின், ஊர்க் கிணற்றின் வலையைத் திறந்து, குப்பையை அகற்றி, மோட்டார் இன்றிப் பத்துக் குடம் நீர் இறைத்துப் பார்க்கலாம். இறைக்க முடியவில்லை என்றால் காரணத்தை அங்கேயே எழுதிவைத்து, அக்டோபரில் மழை தொடங்குமுன் சரிசெய்யலாம். கோடை விடுமுறையில், நீர் நிலையாக நிற்கும் ஓரிடத்தைத் தேர்ந்து, நீந்த அறிந்தவர் நால்வர் கரையில் நிற்க, காலை வேளையில் மட்டும் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கலாம். மகளிர் குழுக்களில் நீந்த அறிந்த சகோதரிகள் இருப்பின், பெண் குழந்தைகளுக்கு அவர்களே பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையெனில், முதலாண்டில் தாய்மார்களே மாணவிகளாகட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளி ஆசிரியர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு ஒருமுறை அழைத்துச்சென்று, உருளையின் கன அளவை அங்கே கணக்கிடச் செய்யலாம். சுவர் மீது ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் பெரும் நிதி தேவையில்லை. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு ராட்டினம், கிணற்றின் ஆழத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமுள்ள நல்ல கயிறு, ஒரு வாளி, ஒரு பாதாளக்கரண்டி, இரண்டு மூடிய கேன்கள் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கயிற்றை வெயில் படாமல் சுருட்டிவைத்து, ஆண்டுக்கொரு முறை பிரித்து முழுநீளமும் கையால் உருவிப் பார்க்க வேண்டும். நைந்த இடம் கண்ணைவிடக் கைக்கே முதலில் தெரியும்.

உணவுக்குப் பிறகு யாவரும் இவ்வளாகத்தின் பின்புறமுள்ள கிணற்றடிக்கு வருமாறு வேண்டுகிறோம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் மூவர் முடிச்சுக்களைப் போட்டுக் காட்ட இசைந்திருக்கிறார்கள். இளைஞர்கள் கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் ஒவ்வொருவரும் முதலில் ஒருமுறை தம் கையால் போட்டுக் காட்டிய பிறகே படமெடுக்க வேண்டும். கயிறுத் துண்டுகள் வாசலில் வைக்கப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள்.